வரிசை முட்டையில் தொடங்குகிறது

2004 அக்டோபர் 5, செவ்வாய்க்கிழமை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இருந்த ஒரு தடுப்பூசி ஆலையின் உரிமத்தை பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்திவைத்தது. ஆலை கைரான் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தமானது. அங்கே தயாராகி, குப்பிகளில் அடைத்து, கப்பலேறக் காத்திருந்தது ஃபுளூ தடுப்பூசி. அமெரிக்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 4.8 கோடி டோஸ் போக வேண்டியிருந்தது. அந்தக் குளிர்காலத்துக்கு அமெரிக்கா எதிர்பார்த்திருந்ததே மொத்தம் 10 கோடி டோஸ்தான். ஒரே நாளில் அதில் பாதி இல்லை என்றாகிவிட்டது.

மறுநாள் காலையிலிருந்தே தேடல் தொடங்கியது. முதியவர்கள் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பல்பொருள் அங்காடிகளின் வாசலில் விடியுமுன்பே இடம் பிடித்தார்கள். கலிஃபோர்னியாவில் மணிக்கணக்காக வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி மயங்கி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். நியூஜெர்சியின் புளூம்ஃபீல்டு ஊரில் கையிருப்பு மருந்தை யாருக்குப் போடுவது என்று குலுக்கல் நடத்தி முடிவு செய்தார்கள். சியாட்டிலிலிருந்து கனடாவின் விக்டோரியா நகருக்குப் போகும் படகில் பயணச்சீட்டும் ஊசியும் சேர்ந்தே விற்றன. சில மொத்த வியாபாரிகள் மருத்துவமனைகளிடம் பல மடங்கு விலை கேட்டதால் மாநில அரசுகள் வழக்குப் போட்டன. இல்லினாய் மாநில ஆளுநர் ஐரோப்பாவில் நேரடியாகக் கொள்முதல் செய்ய முயன்றார்.

இத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: எங்கள் பக்கத்தில் ஊசி எங்கே கிடைக்கும்? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் அதற்கான பதில் அந்த அக்டோபரில் உருவாகவில்லை. சில மாதங்களுக்கு முன், வசந்தகாலத்திலேயே அது பெரும்பாலும் தீர்மானமாகியிருந்தது. அதற்கும் முன்னால், கோழிப்பண்ணைகளில்.

முதலில் வசந்தகாலத்து விஷயத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஃபுளூ தடுப்பூசியின் பெரும்பகுதி அரசு வழியாகப் போவதில்லை. மருத்துவர், மருந்துக்கடை, முதியோர் இல்லம், மருத்துவமனை என்று ஒவ்வொருவரும் ஆண்டின் முற்பகுதியில் தாங்களே ஒரு தயாரிப்பாளரிடமோ விநியோகஸ்தரிடமோ முன்பதிவு செய்கிறார்கள். 2004இல் ஊசி மருந்துக்குப் பெரிய தயாரிப்பாளர்கள் இரண்டே பேர். ஒன்று கைரான். மற்றது பென்சில்வேனியாவின் ஸ்விஃப்ட்வாட்டரில் ஆலை வைத்திருந்த அவென்டிஸ் பாஸ்டர். கைரானிடம் பதிவு செய்த மருத்துவரின் குளிர்பெட்டி காலி. அவென்டிஸிடம் பதிவு செய்தவருக்கு, அடுத்த தெருவிலேயே இருந்தாலும், கேட்ட அளவு வந்து சேர்ந்திருந்தது. நாடு முழுக்கப் பாதிப் பாதியாகப் பங்கிட்டதுபோல் இந்தப் பற்றாக்குறை பரவவில்லை. ஓர் ஊரில் மொத்தமாக இல்லை, பக்கத்து ஊரில் தாராளம் என்று திட்டுத்திட்டாக விழுந்தது. எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்ற முழுப்படம் அட்லாண்டாவில் இருந்த நோய்த்தடுப்பு மையமான சிடிசியிடம்கூட முதல் வாரத்தில் இல்லை. மருந்துப் பற்றாக்குறையைவிட இந்தத் தகவல் பற்றாக்குறைதான் மக்களை அதிகம் அலைய வைத்தது என்று நான் நினைக்கிறேன்.

சரி, பாதி மருந்து போனால் மீண்டும் செய்துகொள்ளக் கூடாதா? பணக்கார நாடு, தேவையும் இருக்கிறது, ஆலைகளும் இருக்கின்றன. முடியவில்லை. ஏன் முடியாது என்பதில்தான் இந்த மருந்தின் மொத்த வியப்பும் அடங்கியிருக்கிறது.

வைரஸ் தானாக வளராது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். 1931இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் எர்னஸ்ட் குட்பாஸ்ச்சரும் ஆலிஸ் உட்ரஃபும் அடைகாத்த கோழிமுட்டைக்குள் கோழி அம்மை வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். மனிதரைத் தாக்கும் ஃபுளூ வைரஸை லண்டன் விஞ்ஞானிகள் 1933இல் பிரித்தெடுத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் ஆஸ்திரேலியாவின் மெக்ஃபார்லேன் பர்னெட் அதையும் முட்டைக்குள் வளர்த்துவிட்டார். அமெரிக்காவில் 1945இல் ஃபுளூ தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்தபோது அதன் அடித்தளம் முட்டைதான். 2004இலும் முட்டையேதான்.

அந்த முட்டையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். கடையில் வாங்கும் முட்டை இதற்குப் பயன்படாது. கருவுற்ற முட்டை வேண்டும். சேவலோடு சேர்த்து, நோய் அண்டாத பாதுகாப்பில் வளர்க்கும் கோழிகள் இட்டதாக இருக்க வேண்டும். அடைகாக்கும் பெட்டியில் பத்துப் பதினோரு நாள் வைத்த பிறகு, ஒவ்வொரு முட்டையையும் வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பார்கள். உயிரோடு இருந்தால் ஓட்டின் உட்புறத்தில் செந்நிற ரத்தக்குழாய்கள் வேர்போலக் கிளைத்துத் தெரியும். நடுவில் கரு அசையும். அசையாதது கழிபடும். மொண்ணையான முனையில், காற்றறைக்கு மேல், ஓட்டில் ஒரு சின்னத் துளை. அதன் வழியே ஊசி இறங்கி, கருவைச் சுற்றியுள்ள நீர்ப்பைக்குள் ஒரு துளி வைரஸை விடும். துளையை அடைத்து மறுபடியும் இளஞ்சூட்டில் வைப்பார்கள். அந்தப் பையின் உட்சுவர் செல்கள் வைரஸைக் கோடிக்கணக்கில் பெருக்கித் தரும். இரண்டு மூன்று நாளில் முட்டையைக் குளிரூட்டும் அறைக்கு மாற்றுவார்கள். குளிரில் கரு இறக்கிறது, ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, அறுவடை செய்யும்போது ரத்தம் கலப்பதில்லை. பிறகு முட்டையின் தலைப்பகுதியைச் சீவி எடுத்தால், உள்ளே ஏறக்குறைய பத்து மில்லிலிட்டர் திரவம். ஒரு டோஸுக்கு ஒன்றிரண்டு முட்டை என்பது நடைமுறைக் கணக்கு. கோடிக்கணக்கான டோஸுக்கு எத்தனை கோழி, எத்தனை பெட்டி, எத்தனை முட்டை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தத் திரவத்தை அதிவேகத்தில் சுழற்றி, சர்க்கரைக் கரைசலின் அடுக்குகளுக்கிடையே வைரஸ் மட்டும் தங்கும்படி பிரிப்பார்கள். வேதிப்பொருளால் வைரஸைச் செயலிழக்கச் செய்வார்கள். அதன் கொழுப்பு உறையைச் சோப்பு போன்ற ஒரு கரைப்பானால் உடைப்பார்கள். கடைசியில் நமக்கு வேண்டியது வைரஸின் மேற்பரப்பில் முள்முள்ளாக நிற்கும் ஹீமாக்ளூட்டினின் என்ற புரதம்தான். நம் தொண்டைச் செல்லை வைரஸ் பற்றிக்கொள்ள உதவுவது அதுவே. உடலின் எதிர்ப்புப் புரதங்கள் அதை அடையாளம் கண்டு மூடிவிட்டால் வைரஸ் உள்ளே நுழைய முடியாது.

இந்தப் புரதத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அது ரத்தச் சிவப்பணுக்களையும் பற்றிக்கொள்ளும். முட்டைத் திரவத்தில் கருவின் ரத்தம் தற்செயலாகக் கலந்தபோது சிவப்பணுக்கள் கட்டிதட்டி நிற்பதை 1941இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கவனித்தார். அந்தக் கவனிப்பு ஒரு பரிசோதனையாக மாறியது. சிறு குழிகள் கொண்ட தட்டில் கோழியின் சிவப்பணுக்களை விட வேண்டும். வைரஸ் இல்லையென்றால் அவை குழியின் அடியில் சிவப்புப் புள்ளியாகத் திரண்டு படியும். வைரஸ் இருந்தால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மெல்லிய சிவப்புப் படலமாக விரிந்து நிற்கும். வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். முட்டைக்குள் வைரஸ் வளர்ந்ததா என்று அறியவும், ஒருவர் உடலில் எதிர்ப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கவும் இன்றும் இந்த முறை புழக்கத்தில் இருக்கிறது.

தடுப்பூசியின் அளவைச் சோதிப்பது இன்னும் அழகானது. வழக்கமான ஒரு டோஸில் ஒவ்வொரு வகை வைரஸுக்கும் 15 மைக்ரோகிராம் ஹீமாக்ளூட்டினின் இருக்க வேண்டும். ஒரு ஜெல் தகட்டில் சிறு துளை போட்டு மருந்தை ஊற்றினால், அது மெல்ல வெளியே பரவும். ஜெல்லுக்குள் ஏற்கெனவே எதிர்ப்புப் புரதம் கலந்திருப்பதால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு வளையம் விழும். வளையத்தின் விட்டத்தை அளந்து மருந்தின் வலிமையைக் கணக்கிடுவார்கள். அந்த எதிர்ப்புப் புரதத்தை ஆட்டின் ரத்தத்திலிருந்து எடுக்க வேண்டும். புதிய வைரஸ் வகை என்றால் அதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகும். கோடி கோடியாக மருந்து தயாராக இருந்தாலும் ஆட்டின் உடல் தன் வேலையை முடிக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பணத்தை எவ்வளவு கொட்டினாலும் அதை அவசரப்படுத்த முடியாது.

இவ்வளவும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நடக்கிறது. காரணம், ஃபுளூ வைரஸ் தன் முட்களை இடைவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. போன ஆண்டின் பாதுகாப்பு இந்த ஆண்டுக்குப் போதாமல் போகலாம். 1947இலேயே இது தெரிந்துவிட்டது. அதற்குச் சற்று முன்புவரை நன்றாக வேலை செய்த தடுப்பூசி அந்த ஆண்டு தோற்றது. 1952இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு கண்காணிப்பு வலையை அமைத்தது. பல நாடுகளின் ஆய்வகங்கள் நோயாளிகளின் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் எடுத்த வைரஸ்களை மைய ஆய்வகங்களுக்கு அனுப்பின. அந்த வலையில் நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் இருந்தது. இந்திய அரசின் ஃபுளூ மையம் அங்கேதான் செயல்பட்டது. 1957 மே மாதம் ஆசிய ஃபுளூ சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கப்பலில் சென்னைத் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தபோது, அதைப் பின்தொடர்ந்து பதிவு செய்தது நீலகிரி மலைமேல் இருந்த அந்த ஆய்வகம். அந்த அலையில் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் நாட்டின் கணக்கு சொல்கிறது. உலகின் ஏதோ ஒரு மூலையில் போடப்படும் ஊசிக்குள் என்ன இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு இப்படிப்பட்ட எத்தனையோ ஊர்களின் உழைப்பு போய்ச் சேர்கிறது.

வட அரைக்கோளத்துக்கான வைரஸ் வகைகளை உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் அறிவிக்கிறது. ஆனால் தெரிவான வைரஸை அப்படியே முட்டையில் விட்டால் பல நேரங்களில் அது சரியாக வளராது. மனிதச் செல்லின் மேலுள்ள சர்க்கரை மூலக்கூறுக்குப் பழகிய வைரஸுக்கு முட்டைக்குள் இருப்பது சற்று வேறுவிதமான மூலக்கூறு. அதற்குப் பழகும்போது வைரஸ் தன் முள்ளையே கொஞ்சம் மாற்றிக்கொள்வதும் உண்டு. அப்போது ஊசியில் இருப்பதும் ஊரில் பரவுவதும் சற்றே விலகிப்போகும்.

வளர்ச்சிச் சிக்கலுக்கு எட்வின் கில்போர்ன் என்ற நியூயார்க் விஞ்ஞானி 1960களின் இறுதியில் ஒரு வழி கண்டார். 1934இல் புவெர்ட்டோ ரிக்கோவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த பழைய வைரஸ் ஒன்று முட்டையில் அமோகமாக வளரும். அதையும் புதிய வைரஸையும் ஒரே முட்டையில் ஒன்றாக விட்டார். ஃபுளூ வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருப்பதால் இரண்டின் துண்டுகளும் கலைந்து சேர்கின்றன. வெளிமுட்கள் புதியதாகவும் உள்ளுறுப்பு பழையதாகவும் அமைந்த கலப்பை மட்டும் தேர்ந்தெடுத்தார். பெயர் தெரியாத ஒரு தீவுவாசிக்கு 1934இல் வந்த காய்ச்சலின் மரபணுத் துண்டுகள், எழுபது ஆண்டு கழித்து உலகெங்கும் தயாரான ஊசி மருந்தின் பின்னணியில் உழைத்துக்கொண்டிருந்தன. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

ஆக, பிப்ரவரியில் தேர்வு, பிறகு கலப்பு வைரஸ், வகை வகையாக முட்டைகளில் வளர்ப்பு, கோடைமுழுக்கச் சுத்திகரிப்பு, வளையச் சோதனை, கலந்து குப்பியில் அடைப்பு, செப்டம்பரில் அனுப்புதல். ஏறத்தாழ ஆறு மாதம். தேர்வுக்குக் காத்திருந்தால் நேரம் போதாது என்பதால், மாற வாய்ப்பில்லாத வகையை ஊகித்து ஜனவரியிலேயே சில ஆலைகள் தொடங்கிவிடும். முட்டைக்கு ஏற்பாடு அதற்கும் பல மாதம் முன்பே. இது நெல் சாகுபடி போலத்தான். பருவம் தவறி விதைத்தால் காசு இருந்தும் பயனில்லை. அக்டோபரில் புதிதாகத் தொடங்கினால் மருந்து கைக்கு வரும்போது காய்ச்சல் பருவம் முடிந்திருக்கும்.

லிவர்பூலில் நடந்தது என்ன? ஆகஸ்டில் சில தொகுதிகளில் செராஷியா என்ற பாக்டீரியா கலந்திருப்பதை ஆலையே கண்டுபிடித்தது. குளியலறை ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் படியும் அதே பாக்டீரியாதான். சுவரில் இருந்தால் பெரிய தீங்கில்லை. ஊசி வழியாக உடலுக்குள் போனால் ரத்தத்தையே நஞ்சாக்கக்கூடியது. சிறிய பகுதிதான், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான் என்றது நிறுவனம். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஆய்வு செய்துவிட்டு, மீதித் தொகுதிகளுக்கும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அமெரிக்க அதிகாரிகள் விமானமேறிப் போய்ப் பார்த்து, அக்டோபர் நடுவில் அதே முடிவுக்கு வந்தார்கள். அத்தனை பேர் ஊசிக்குத் தவித்த நேரத்தில், இருக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாமே என்ற அழுத்தம் எளிதல்ல. அந்த அழுத்தத்துக்கு ஆளாகாமல் வேண்டாம் என்று சொன்னவர்களை நான் மதிக்கிறேன். தடுப்பூசி போடப்படுவது நலமாக இருப்பவருக்கு. அவரை நோயாளியாக்கும் ஒரே குப்பிகூட, பல ஆண்டுகளாகக் கட்டிய நம்பிக்கையைக் குலைத்துவிடும்.

இரண்டே பேரை ஒரு பெரிய நாடு ஏன் நம்பியிருந்தது என்பதற்கும் பதில் உண்டு. ஊசியின் விலை அப்போது மிகக் குறைவு. விற்காமல் மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கவும் முடியாது. 2002-03 பருவத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டோஸ் விலைபோகாமல் வீணானது. அதோடு வையெத் என்ற நிறுவனம் ஊசித் தயாரிப்பிலிருந்தே விலகிக்கொண்டது. மறு ஆண்டே ஃபூஜியன் வகை என்ற புதிய வைரஸ் சீக்கிரமாக வந்தது. தேர்வு நேரத்தில் முட்டையில் வளரக்கூடிய சரியான மாதிரி கிடைக்காததால் அது அந்த ஆண்டு ஊசியில் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் 153 குழந்தைகள் ஃபுளூவால் இறந்ததை சிடிசி பதிவு செய்தது. அந்தப் பயம் ஆறாமல் இருந்ததால்தான் 2004இல் வரிசைகள் அவ்வளவு நீண்டன.

இனி இருக்கும் மருந்து யாருக்கு என்ற கேள்வி. சிடிசி அறிவிப்பு வந்த அன்றே முன்னுரிமைப் பட்டியலை வெளியிட்டது. 6 முதல் 23 மாதக் குழந்தைகள், 65 வயது கடந்தவர்கள், நாட்பட்ட நோயுள்ளவர்கள், கருவுற்ற பெண்கள், முதியோர் இல்லவாசிகள், நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்கள், ஆறு மாதத்துக்கும் குறைந்த சிசுக்களைப் பராமரிப்பவர்கள். மற்றவர்கள் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அவென்டிஸிடம் இன்னும் அனுப்பாமல் இருந்த இரண்டு கோடிக்கும் மேற்பட்ட டோஸை, முன்பதிவு வரிசையை விட்டு, தேவை அதிகமான இடங்களுக்குத் திருப்பிவிட ஏற்பாடு ஆனது.

இந்த முன்னுரிமைக்குள் ஒரு கடினமான உண்மை மறைந்திருக்கிறது. ஃபுளூவால் அதிகம் இறப்பவர்கள் முதியவர்கள். ஊசிக்கு மிகக் குறைவாகப் பதிலளிக்கும் உடலும் அவர்களுடையதே. ஜப்பானில் பள்ளிக் குழந்தைகளுக்குத் திரளாக ஃபுளூ ஊசி போட்ட காலம் ஒன்று உண்டு. 1962இல் தொடங்கி, பிறகு கட்டாயமாகி, 1987இல் தளர்ந்து, 1994இல் நின்றது. 2001இல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் காலத்து இறப்புக் கணக்கை அலசி, குழந்தைகளுக்குப் போட்ட ஊசி ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 உயிர்களைக் காத்திருக்கலாம் என்றது. காக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தாத்தா பாட்டிகள். பேரக்குழந்தை இருமாமல் இருந்தால் பாட்டிக்குத் தொற்றும் வாய்ப்பும் குறைகிறது. கணக்கில் கருத்து வேறுபாடு கொண்டவர்களும் உண்டு. ஆனாலும், வரிசையில் நிற்கும் பாட்டிக்கு ஊசி கிடைக்காத வீட்டில் மற்றவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

அந்த விடைக்கு ஏற்ற மருந்தும் கையில் இருந்தது. மூக்கில் பீய்ச்சும் ஃபுளூமிஸ்ட். அதில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த வைரஸ். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹுனைன் மஸாப், வைரஸைப் படிப்படியாகக் குளிருக்குப் பழக்கினார். 25 டிகிரியில் செழித்து வளரும் அது, உடலின் உட்சூட்டில் தடுமாறும். ஆகவே குளிர்ந்த மூக்குக்குள் பெருகி எதிர்ப்பைத் தூண்டும், சூடான நுரையீரலுக்குள் இறங்கிப் பெருகாது. 5 முதல் 49 வயதுவரை நலமாக இருப்பவர்களுக்கு அப்போது அனுமதி இருந்தது. ஊசி மறுக்கப்பட்ட பலருக்கு இப்படி ஒன்று உண்டு என்பதே தெரியவில்லை.

மருந்தை நீட்டிக்கும் வழியையும் தேடினார்கள். பற்றாக்குறை உச்சத்தில் இருந்த 2004 நவம்பரில், தசைக்குப் பதிலாகத் தோலுக்குள்ளேயே ஊசி போட்ட இரண்டு ஆய்வுகள் ஒரே மருத்துவ இதழில் வந்தன. அவற்றில் ஒன்றில் வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்கு மருந்தே போடப்பட்டது. இளவயதினரிடம் ஏறத்தாழ அதே எதிர்ப்பு உண்டானது. தோலில் அந்நியப் பொருளைப் பிடித்து உடலின் காவலுக்குக் காட்டிக்கொடுக்கும் செல்கள் நெருக்கமாக இருப்பதே காரணம். முதியவர்களிடம் அந்தப் பலன் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுக்குள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோகவும் நேரமில்லை.

பிறகு நடந்ததுதான் மனதை உறுத்துவது. ஃபுளூ அந்தக் குளிர்காலத்தில் தாமதமாக, பிப்ரவரியில் உச்சம் தொட்டது. அதற்கு முன்பே, டிசம்பர் முடிவதற்குள், பல மாநிலங்களில் மருந்து மிஞ்சத் தொடங்கிவிட்டது. ஜனவரியில் 50 வயதிலிருந்தே போடலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். ஆனால் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டபோது விலகிப்போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அக்டோபரில் மூன்று இடங்களில் இல்லை என்று கேட்டவர், டிசம்பரில் நான்காவது இடத்தை விசாரிப்பதில்லை. அவசரமாக ஜெர்மனியிலிருந்து வரவழைத்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டோஸில் பெரும்பகுதி பயன்படாமலே நின்றது. ஊசி போட்டபின் பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். பருவத்தின் உச்சம் பிப்ரவரி என்றால் ஜனவரி ஊசியும் காப்பாற்றியிருக்கும். மருந்து இருந்தும், இருக்கிறது என்ற செய்தி போய்ச் சேராததால் போடப்படாத ஊசி, எனக்கு லிவர்பூலில் அழிக்கப்பட்ட குப்பிகளைவிட அதிக வருத்தம் தருகிறது.

அந்த ஓட்டையை அடைக்கும் வேலை மெல்லத்தான் நடந்தது. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு போயிருக்கிறது என்ற விவரத்தைத் தயாரிப்பாளர்கள் சுகாதாரத் துறைகளுக்குக் காட்டத் தொடங்கினார்கள். 2009 பன்றிக்காய்ச்சலின்போது புதிய வைரஸ் முட்டையில் மந்தமாக வளர்ந்ததால் மறுபடியும் அக்டோபரில் பற்றாக்குறை. அந்த நவம்பரில் ஊசி கிடைக்கும் இடங்களைக் கூகுள் வரைபடத்தில் குறித்துக் காட்டினார்கள். அந்த முயற்சியைப் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் குழு பின்னர் எடுத்து நடத்தியது. அஞ்சல் குறியீட்டை இட்டால், அருகிலுள்ள மருந்துக்கடைகளில் எந்த வகை ஊசி இருக்கிறது என்று அது சொன்னது. இத்தகைய பட்டியலின் மதிப்பு அது அழகாக இருப்பதில் இல்லை, இன்று காலைக் கையிருப்பைக் கடைக்காரர் இன்றே பதிவதில் இருக்கிறது. நேற்றைய பட்டியலை நம்பிப் பேருந்தேறும் முதியவர் வெறுங்கையோடு திரும்புவார். 2021இல் கோவிட் தடுப்பூசி வந்தபோது, அமெரிக்கர்கள் பலர் அருகில் ஊசி தேடியது இதே ஏற்பாட்டின் வழியாகத்தான்.

முட்டையை நம்பியிருப்பதும் சற்றுத் தளர்ந்திருக்கிறது. 1958இல் ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்துப் பெருக்கிவரும் செல்களில் ஃபுளூ வைரஸை வளர்த்துத் தயாரிக்கும் ஊசிக்கு அமெரிக்கா 2012இல் அனுமதி தந்தது. மறு ஆண்டு, ஃபுளூ வைரஸே இல்லாமல் பூச்சியின் செல்களைக் கொண்டு ஹீமாக்ளூட்டினினை மட்டும் செய்யும் ஊசி வந்தது. அதற்கு முட்டையும் வேண்டாம், பழக்கிய வைரஸும் வேண்டாம், மரபணு வரிசை தெரிந்தால் போதும். ஆனாலும் உலகில் தயாராகும் ஃபுளூ தடுப்பூசியில் பெரும்பங்கு இன்றும் கோழிமுட்டையிலிருந்தே வருகிறது. அடுத்த அக்டோபருக்கான முட்டைகளுக்கு இப்போதே எங்கோ ஒரு பண்ணையோடு ஒப்பந்தம் ஆகியிருக்கும்.